முடிவில் அக்கறை இல்லாதவர்

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. செய்முறையை விளக்கும் பகுதியில், மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் சிறிய எழுத்தில்: 'தீவனம், ஆய்வின் முடிவில் அக்கறை ஏதுமற்ற ஒரு நபரால் தயாரிக்கப்பட்டு விலங்குகளுக்கு வழங்கப்பட்டது.'

அக்கறை ஏதுமற்ற அந்த நபரை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தீவனம்மா என்று கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், கணவரை இழந்தவர், லாரி ஓட்டும் ஒரே மகனுக்குத் தாய். எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமல் அவர் அரைமணி நேரம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத குழந்தையின் சட்டைப் பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, அதன் தாய்க்கு இரண்டு வார்த்தை புத்தியும் சொல்லிவிட்டுத்தான் பேருந்தில் ஏறுவார். ஆய்வுக்கூடத்துக் காவலாளி தன் மனைவியோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டு, அந்த அம்மாளின் தொலைபேசி எண்ணை வாங்கித் தானே பேசிச் சமாதானம் செய்து, அதன் பிறகு காவலாளி தன்னோடு பேசாமல் போனதையும் பொருட்படுத்தாதவர்.

இப்படிப்பட்டவரை அக்கறையற்றவர் என்று எழுதியதற்கு ஒரு நியாயம் உண்டு. அவர் படித்தவர் இல்லை. கட்டுரை எப்படி முடிந்தாலும் அவருக்குப் பட்டமோ பதவியோ வரப்போவதில்லை. ஆகவே முடிவில் அவருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? படித்தவர்களின் இந்தக் கணக்கு தவறு. ஆனால் அக்கறை இருந்துவிட்டால் விவரமும் கூடவே இருக்கும் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. தீவனம்மாவிடம் முதலாவது நிறைய இருந்தது.

வேலை நடந்தது மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட அறையில். வாசலில் 'சோதனைப் பிராணிகள் இல்லம்' என்று பலகை. பேச்சில் அது எலி வீடு. உள்ளே போவதற்கு முன் செருப்புக்கு மேல் ஓர் உறை, தலைக்கு ஒரு வலைத்தொப்பி, வாய்க்கு ஒரு துணி. சுவரை மறைத்து நிற்கும் இரும்புத் தட்டுகளில் பிளாஸ்டிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மரத்தூள், ஒரு தண்ணீர்க் குப்பி, உடம்பைச் சுருட்டிக்கொண்ட வெள்ளைச் சுண்டெலி. விளக்குகள் தாமே எரிந்து தாமே அணையும். கிருமிநாசினியை எவ்வளவு தெளித்தாலும் மூத்திர வாடை அதற்கு அடியில் பொறுமையாகக் காத்திருக்கும்.

கேள்வி இதுதான். கர்ப்பமான எலிக்கு ஓர் ஊசி போடுவார்கள். அதில் கிருமி கிடையாது. கிருமி வந்துவிட்டது என்று உடம்பை நம்பவைக்கும் ஒரு பொய் மட்டுமே இருக்கும். உடம்பு அந்தப் பொய்யை நம்பிச் சண்டைக்குக் கிளம்பும். மயிர் சிலிர்த்து, முதுகு வளைந்து, கண் பாதி மூடி, தாய் எலி ஒரு மூலையில் ஒடுங்கும். இந்தச் சண்டைக்கு அழற்சி என்று பெயர். தாய் சீக்கிரமே தேறிவிடும். ஆனால் அவள் வயிற்றுக்குள், அப்போதுதான் ஒவ்வோர் இழையாகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் மூளைகள் அந்தச் சண்டைச் சத்தத்தைக் கேட்டுவிடுகின்றன. பிறந்து வளர்ந்த குட்டிகளிடம் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: மரத்தூளின் மேல் கோலிக்குண்டுகளை வரிசையாக வைத்து, குட்டியை அதில் விடுவார்கள். சாதாரணக் குட்டி சிலவற்றைப் புதைத்துவிட்டு, அலுத்துப்போய்த் தூங்கிவிடும். ஊசி போட்ட தாயின் குட்டி ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டே போகும்; எல்லாம் புதைந்த பிறகும் மரத்தூளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வேறோர் எலியை விட்டால் அதற்கு முதுகைக் காட்டி உட்காரும்.

இதற்கு எதிராக ஆய்வுக்கூடம் ஓர் இலையை நம்பியிருந்தது. அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் பொடியைத் தாயின் தீவனத்தில் கலந்தால் சண்டை தணியுமா, குட்டி தப்புமா?

அந்த வருடத்துக்கு வேண்டிய பொடி இரண்டு டப்பாக்களில் வந்து இறங்கியது. ஒன்றில் உண்மையான இலைப்பொடி. மற்றதில் அதே மஞ்சளும் அதே கசப்பும் ஏற்றிய வெறும் மாவு. ஒரு டப்பாவின் மேல் வட்டம், மற்றதன் மேல் சதுரம். எது மருந்து, எது மாவு என்பது தலைமை ஆய்வாளருக்கே தெரியாது. வேறோர் ஊரில் உட்கார்ந்திருந்த புள்ளிவிவரக்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். தெரிந்துவிட்டால் கண் தான் ஆசைப்பட்டதையே பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. எல்லோருடைய கண்ணையும் கட்டினார்கள். கையைக் கட்டத்தான் மறந்துவிட்டார்கள்.

பொடியைத் தீவன மாவோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, அடுப்பில் உலர்த்தி, வட்டத் தீவனத்தை வட்டக் கூண்டுகளுக்கும் சதுரத் தீவனத்தைச் சதுரக் கூண்டுகளுக்கும் போடுவது தீவனம்மாவின் வேலை. அடுத்த அறையில் வெந்நீர் இயந்திரத்தில் கூண்டு கழுவும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இவருக்கும் நடந்த விவாதம் அறிவியல் மாநாடுகளில் நடப்பதைவிடத் தரம் தாழ்ந்தது என்று சொல்ல முடியாது.

"சதுரம்தான் மருந்து, தங்கச்சி. எங்க வேணா வந்து சொல்றேன்."

"எதை வெச்சு அண்ணே சொல்றீங்க?"

"மருந்துன்னா கொஞ்சம் மூலைமுடுக்கு இருக்கணும். வழவழன்னு வட்டமா இருக்கறது பூரா ஏமாத்து வேலை."

"உங்க தலைகூட வட்டமாத்தான் இருக்கு."

"அதான் சொல்றேன். உள்ள ஒண்ணும் கிடையாது."

தீவனம்மா வட்டத்தின் கட்சி. ஊசிக்கு மறுநாள் வட்டத் தாய்கள்தான் முதலில் தலையைத் தூக்குகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தேறிவருகிற பிள்ளைத்தாய்ச்சிகள் ஆயிற்றே என்று, கூடு கட்டுவதற்காகப் போடும் காகிதத்தை வட்டக் கூண்டுகளுக்கு மட்டும் ஒரு கை கூடுதலாகப் போட்டார். அதிகக் காகிதம் கிடைத்த தாய்கள் நல்ல கூடு கட்டிக் கதகதப்பாகக் கிடந்தன. கதகதப்பாகக் கிடந்ததைப் பார்த்து, தான் சொன்னது சரிதான் என்று தீவனம்மா இன்னும் கொஞ்சம் காகிதம் போட்டார். முதல் ஈற்றுக் குட்டிகளில் வட்டத்தின் பிள்ளைகள் கோலிக்குண்டுகளை ஓரளவோடு விட்டுவிட்டுத் தூங்கின. தலைமை ஆய்வாளர், சிரிப்பதைத் தள்ளிப்போட்டே பழகியவர், நடைவழியில் தனியாகச் சிரித்தபடி போனதைக் கூண்டு கழுவும் பெரியவர் பார்த்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் மருமகளுக்குக் காய்ச்சல் வந்தது.

வீடு, டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மகன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். மருமகள் சீருடை தைக்கும் பட்டறையில் காலர் வைப்பவள். வாய் குறைவு, ஆனால் குறைந்த வாயால் நிறையச் செய்யக்கூடியவள். ஒரே சமையலறையில் இரண்டு அரசாங்கங்கள் நடந்தன. இருந்தாலும் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, டயர்க் கடைக்காரன் காற்றடிக்கும் சத்தத்துக்குக்கூடத் தீவனம்மா கீழே இறங்கிப் போய்ச் சண்டை போட்டார்.

ஐந்தாம் மாதம் அது. பட்டறையில் ஒருத்தி மாற்றி ஒருத்திக்கு வந்த காய்ச்சல், இவளுக்கும் வந்தது. மருத்துவர் பார்த்து, மாத்திரை எழுதி, ஓய்வெடுக்கச் சொன்னார். வயிற்றில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. வேறு எந்த மாமியாராக இருந்தாலும் அதோடு நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டிருப்பார். தீவனம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மருமகளைப் பார்த்தார். ஒருக்களித்துப் படுத்து, முதுகை வளைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தாள். அந்த முதுகை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நடைவழியில் தலைமை ஆய்வாளரை மடக்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். மனுஷங்களுக்கும் இப்படித்தானா?"

"எப்படி?"

"காய்ச்சல் வந்தா. வயித்துல இருக்கறதுக்கு."

தலைமை ஆய்வாளர் நின்றார். "காய்ச்சல் வர்ற எல்லாருக்கும் இப்படி ஆகுதுன்னா உலகத்துல ஒரு வேலையும் நடக்காதும்மா. எலிக்கு நாங்க போடற ஊசி வேற, சாதாரணக் காய்ச்சல் வேற. பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பொறக்குது. யாருக்கு, உங்க வீட்லயா?"

"இல்லல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

சொன்னது அத்தனையும் உண்மை. அதிலிருந்து தீவனம்மா ஒரே ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்: பெரும்பாலான. அந்தச் சொல்லோடு, மதியச் சாப்பாடு கொண்டுவந்த டப்பாவின் மூடிக்குள், காகிதத்தில் மடித்த கொஞ்சம் வட்டப்பொடியும் போயிற்று.

அன்று சாயங்காலம் மருமகளுக்குக் காய்கறி சூப் வைத்துக் கொடுத்தார்.

"இது ஏன் அத்தை இப்படிக் கசக்குது?"

"காய்ச்சல் வாய்க்கு எல்லாம் கசக்கும். குடி."

"நேத்து இவ்வளவு கசக்கலையே."

"நேத்து நீ பாதியைக் கீழ ஊத்தினே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

குற்றம் சாட்டப்பட்டவள் மேற்கொண்டு விசாரிக்க மாட்டாள் என்பது தீவனம்மாவின் வாழ்நாள் அனுபவம். மருமகள் குடித்தாள். காய்ச்சல் நின்ற பிறகும் சூப் நிற்கவில்லை. 'உடம்பு தேறணும்' என்பதற்கு எதிராக எந்த மருமகளாலும் வாதாட முடியாது. அவள் தன் கணவனிடம் தொலைபேசியில் சொன்னது இன்னொரு அறைவரை கேட்டது: "உங்கம்மா என்னைக் கொடுமைப்படுத்தினாக்கூடத் தாங்கிக்குவேன். பாசமா இருக்காங்க. அதான் பயமா இருக்கு."

இவ்வளவோடு நின்றிருந்தால் கதை சின்னது. தீவனம்மாவுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. வட்டக் கூண்டு ஒன்றில் தாய் எலி ஊசியிலிருந்து தேறவே இல்லை. ஈன்ற குட்டிகளையும் ஏறெடுத்துப் பார்க்காமல் செத்துப்போனது. ஒருவேளை அண்ணன் சொன்னதுபோல் சதுரம்தான் மருந்தா? இத்தனை நாளும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாயமேற்றிய மாவையா கொடுத்துக்கொண்டிருந்தோம்? வட்டம், சதுரம் என்று இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் போய்க் கொடுக்கலாம். ஆனால் அவருக்கு இன்னோர் உறுத்தலும் இருந்தது. எது மாவோ அந்தக் கட்சியின் தாய்கள் இத்தனை நாளாக ஒன்றுமே கிடைக்காமல் காய்ச்சலில் ஒடுங்கிக் கிடந்தன அல்லவா? அதுகளும் பிள்ளைத்தாய்ச்சிகள்தானே?

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், பிசையும் பெரிய பாத்திரத்தில் இரண்டு டப்பாக்களையும் கவிழ்த்தார். ஒரே மஞ்சள், எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அடியிலிருந்து மேலாக நன்றாகக் கலந்தார். தனக்கு வேண்டியதை ஒரு பழைய முகப்பவுடர் டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைச் சமமாகப் பிரித்து வட்டத்திலும் சதுரத்திலும் நிரப்பினார். எடையில் குறைந்தது சிந்தியதாகக் கணக்கில் ஏறியது. எல்லாத் தாய்களுக்கும் இனி பாதி மருந்து. யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது. எலி வீட்டின் சரித்திரத்தில் அதைவிட நியாயமான காரியம் நடந்ததில்லை. அதைவிடப் பெரிய நாசமும் நடந்ததில்லை.

குழந்தை நாள் தவறாமல் பிறந்தது. பெண். ஓங்கி அழுதது, எடையும் குறைவில்லை. தீவனம்மா எலி வீட்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

"வட்டமா, சதுரமா?" என்றார் கூண்டு கழுவும் பெரியவர்.

"மூஞ்சி வட்டம். பிடிவாதம் சதுரம். அவங்கம்மா மாதிரி."

அந்த வருடக் கடைசியில் ஆய்வு முடிந்தது. வெளியூர்க்காரர் ரகசியத்தைத் திறந்தார். வட்டம்தான் மருந்து. கூண்டு கழுவும் பெரியவர் தோற்றார்; தீவனம்மா ஜெயித்தார்; ஆனால் ஜெயித்த முகம் அங்கே யாருக்கும் காணக் கிடைக்கவில்லை. ஏனென்றால், அடுத்த மூச்சில் தலைமை ஆய்வாளர் சொன்னது இது: மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் வித்தியாசமே இல்லை. முதல் ஈற்றில் தெரிந்தது தற்செயல். இலையில் ஒன்றும் இல்லை. "இல்லன்னு தெரிஞ்சுக்கறதும் ஓர் அறிவுதான்" என்று தன் உதவியாளர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டுரை எழுதப்பட்டது. இலை மூட்டை கட்டப்பட்டது. மீந்த பொடி குப்பைக்குப் போயிற்று. தீவனம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காதது அதுவே முதல் தடவை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிற்று. கூப்பிட்டால் திரும்பவில்லை. காது கேட்டது, டயர்க் கடையில் காற்று சீறினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். முகத்தைப் பார்த்தால் அது வேறு பக்கம் பார்க்கும். சொல் என்று எதுவும் வரவில்லை. பாட்டில் மூடிகள் மட்டும் பிடிக்கும். சுவரோரமாக அவற்றை வரிசையாக அடுக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பாய்க்கு அடியில் தள்ளும். எல்லாம் தள்ளி முடிந்த பிறகும் வெறும் தரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதை முதலில் பார்த்தவர் தீவனம்மா. அன்று சமைக்க வைத்த பருப்பு அடிப்பிடித்துக் கருகி, கீழேயிருந்து டயர்க் கடைக்காரன் ஏறி வந்து கதவைத் தட்டும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

குழந்தை மருத்துவரிடம் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள். மருத்துவர் பொறுமைசாலி. பயிற்சிகள் உண்டு, முன்னேற்றம் வரும், எவ்வளவு என்று இப்போது சொல்வதற்கில்லை என்றார்.

"ஏன் இப்படி ஆச்சு?" என்றாள் மருமகள்.

"ஒரு காரணம்னு சொல்ல முடியாதும்மா. பிறவியிலயே அமைஞ்சதா இருக்கலாம். பல விஷயம் சேர்ந்தும் இருக்கலாம்."

"எனக்கு அஞ்சாம் மாசம் காய்ச்சல் வந்துது."

"இருக்கலாம். காய்ச்சல் வந்த எத்தனையோ பேரோட குழந்தைங்க நல்லாவும் இருக்காங்க. அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"சாப்பிட்டது ஏதாவது?"

"விசேஷமா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சூப்பு. தினமும்."

மருத்துவர் புன்னகைத்தார். "சூப்பால ஒண்ணும் ஆகாது."

தீவனம்மா சுவரில் மாட்டியிருந்த பல் துலக்கும் படத்தை, வேறு எங்கும் பார்க்க முடியாதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுடர் டப்பா அகப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியின் பின்பக்கம், எதையோ கிண்டித் தேடியபோது குழந்தையின் கைக்கு. மூடிக்காகத்தான் அது எடுத்தது. உள்ளேயிருந்து மஞ்சளாகக் கொட்டியதை மருமகள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு அவளுக்கு நினைவிருந்தது.

"இது என்ன அத்தை?"

தீவனம்மாவுக்குப் பொய் தெரியாது என்றில்லை, அன்றைக்கு வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, இலை, வட்டம், சதுரம், கலந்தது.

மருமகள் கத்தவில்லை. "எலிக்குப் போட்டதை எனக்குப் போட்டீங்க."

"நல்லதுக்குத்தான்டி. உன்னைக் காய்ச்சல்ல பாத்ததும் எனக்கு என்னவோ..."

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ குடிச்சிருப்பியா?"

"மாட்டேன். அதுக்குத்தான் கேக்கறது." டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். "சரி, சொல்லுங்க. இது நல்லதா, கெட்டதா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அங்க ஆராய்ச்சி பண்ணாங்க."

"என்ன கண்டுபிடிச்சாங்க?"

"ஒண்ணுமில்லன்னு."

"அப்ப ஒண்ணுமில்லையா?"

"நான் கலந்துட்டேனே. ரெண்டும் ஒண்ணாயிட்டுதே. பின்ன எப்படித் தெரியும்?"

மருமகளுக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. காய்ச்சலா, பொடியா, இரண்டும் இல்லாமல் குழந்தையின் அமைப்பே அதுவா. ஒருவேளை பொடி இல்லாவிட்டால் இதைவிட மோசமாக ஆகியிருக்குமா. இதில் பொடியைப் பற்றிய பங்குக்காவது விடை தேடிக்கொண்டிருந்த இடம் உலகத்தில் ஒன்று இருந்தது. அந்த இடத்தில், தனக்காக, தன்மேல் வைத்த பாசத்தால், விடையைக் கலைத்துவிட்டு வந்திருக்கிறார் அத்தை.

"என்னை அடிச்சுடு" என்றார் தீவனம்மா.

"அடிச்சா எனக்கு என்ன தெரியப்போகுது? நாளைக்கு இன்னொண்ணு வந்தா, அப்பவும் காய்ச்சல் வந்தா, நான் எதைக் குடிக்கணும், எதைக் குடிக்கக் கூடாது? எனக்கு அது தெரியணும். வாங்க, உங்க மேடம்கிட்டப் போலாம். இருந்ததை இருந்தபடி சொல்லுங்க. மறுபடி செஞ்சு பாக்கட்டும்."

போனார்கள். தலைமை ஆய்வாளரின் அறையில் மூன்று நாற்காலிகள்தான், ஒன்றில் தாள்கள். கூட்டிவந்த குழந்தையை மேசையோரம் இறக்கிவிட்டு மருமகள் நின்றுகொண்டாள். தீவனம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அபிப்பிராயம் எதுவும் கலக்காமல் நடந்ததைச் சொன்னார். தலைமை ஆய்வாளரின் முகத்தில் முதலில் கோபம்கூட வரவில்லை. ஒரு பிரகாசம்தான் வந்தது. முதல் ஈற்று தற்செயல் இல்லையோ? இலையில் ஏதோ இருக்கிறதோ?

"எப்ப கலந்தீங்க?" தாளை இழுத்துக்கொண்டார். "எந்த ஈத்துக்கு அப்புறம்?"

"அது... மழைக்காலம் ஆரம்பிச்சப்ப. இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அதுக்கு முன்னாடி வட்டத்துல மட்டும் எடுத்தீங்க. எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை. சில நாள் ரெண்டு."

"உங்க சிட்டிகை எவ்வளவு?"

தீவனம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். அதற்குள் எவ்வளவு இருக்கும் என்று மூன்று பேரும் பார்த்தார்கள். அப்புறம், சொல்வதானால் முழுதாகச் சொல்லிவிடுவோம் என்று, காகிதம் கூடுதலாகப் போட்டதையும் சொன்னார்.

"எந்தக் கூண்டுக்கு?"

"வட்டத்துக்கு. ஆரம்பத்துலருந்தே. பாவமா இருந்துது."

பிரகாசம் அணைந்தது. ஆக, முதல் ஈற்றும் போயிற்று. குட்டிகள் தப்பியது இலையாலா, கூட்டின் கதகதப்பாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தலைமை ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அளவு தெரியாத உண்மையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதும்மா?"

"மறுபடி செய்யுங்க" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்லன்னு எங்க கையாலயே எழுதிக் கொடுத்துட்டோம். ஒண்ணுமில்லாததை மறுபடி பாக்க யாரும் விட மாட்டாங்க. அந்தக் கட்டுரை தப்புன்னு எழுதினா..." நிறுத்தினார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள், அடுத்த வருடம் வரப்போகும் தன் ஓய்வு, எல்லாம் அந்த நிறுத்தத்தில் வரிசையாக நின்றன.

அவர் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேசையின் மறுகோடியில் குழந்தை பேனா மூடிகளையெல்லாம் கழற்றி விளிம்போரமாக அடுக்கியிருந்தது. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தாள்களுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காகக் கோலிக்குண்டுகளை எண்ணி வந்த தலைமை ஆய்வாளர், தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. மருமகள் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்க" என்றார் தீவனம்மாவிடம்.

"ஆமா மேடம்."

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு நேரமும் அதிகம். கட்டுரை இருந்த இடத்தில் இருக்கிறது. அந்த இலையை நாடி வேறு எங்கோ ஆய்வு தொடங்க நினைத்தவர்கள் அதைப் படித்துவிட்டுக் கைவிட்டதாகக் கேள்வி. தீவனம்மாவை உடல்நலக் காரணங்களுக்காக அங்கி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் உடல்நலத்தில் எந்தக் குறையும் கிடையாது. கூண்டு கழுவும் பெரியவர் மட்டும், வழியில் பார்த்தால், வட்டத்தைப் பற்றிய பேச்சை எடுப்பதில்லை.

டயர்க் கடைக்கு மேலே மூன்று பேரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். மகன் வந்தால் நான்கு பேர். அவனுக்கு விஷயம் தெரியாது, சொல்லாதது மருமகள்தான். ஏன் என்று அவளும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. இன்னொரு குழந்தையைப் பற்றி அவன் பேச்செடுத்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். சமையல் இப்போது அவள் கையில். பட்டறைக்குப் போகும் நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் தீவனம்மாவிடம்தான் விட்டுப்போக வேண்டியிருக்கிறது. ஆனால் குழந்தைக்கான உணவைக் காலையிலேயே தானே செய்து, பூட்டுப் போட்ட டப்பாவில் வைத்து, மதியம் ஓடிவந்து தானே திறந்து, முதல் வாயைத் தான் ருசி பார்த்த பிறகே ஊட்டுகிறாள். அந்த நேரத்தில் தீவனம்மா பேசாமல் சன்னலோரம் போய் நின்றுகொள்கிறார். கீழே எந்தப் பிள்ளையின் சட்டைப் பித்தான் எப்படி மாறியிருந்தாலும் இப்போது அவர் இறங்கிப் போவதில்லை.

கட்டுரையின் வாக்கியம் அவரைப் பற்றிச் சொல்வது என்னவென்று முதலிலேயே பார்த்தோம். தீவனம்மா செய்தது இது: எலிகளின் மருந்தையும் மாவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்தார்; முதலில் வட்டத்திலிருந்தும் பிறகு அந்தக் கலவையிலிருந்தும் ஒரு சிட்டிகையை, சில நாள் இரண்டை, மருமகளிடம் கேட்காமல் அவளுடைய சூப்பில் போட்டார்; குழந்தை பிறக்கும்வரை போட்டார்.